நான்காவது சுற்று

இந்த நாற்காலி பரவாயில்லை, சார். முதுகுக்கு அணைப்பாக இருக்கிறது. கடையில் நான் உட்காருவது ஒரு ஸ்டூல். இருபது வருடமாக அதில் குனிந்து உட்கார்ந்து மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டியதில் இடுப்பு எலும்பு ஒன்று இடம் மாறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அதனால் நான் நடுநடுவே நெளிந்தால் பொய் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். மாப்பிள்ளை பந்தயத் தடத்தில் அடிபட்டதை ஓட்டியவரின் தவறு என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டீர்கள். கட்டி முடித்த காயிலை யாராவது மறுபடி பிரிக்கச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அது அவன் தவறு இல்லை. பொறுமையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் தங்கையைக் கட்டியவன் அவன். கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பது தொழில். கல்யாணமான மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தான். "மச்சான், ரேஸ் பைக் ஒண்ணு ரெடி பண்றேன். சும்மா ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்துடலாம்" என்றான். அந்த ஒரு ரவுண்டு பதினோரு வருடம் ஓடியது.

அவன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. கை சுத்தம், வாய் சுத்தம். தங்கையை ஒரு சொல் சொன்னதில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று ஒரு நாள்கூட என்னைத் தனியாகச் சாப்பிட விட்டதில்லை. தனியாகச் சாப்பிடுவது எனக்குப் பிடித்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. திங்கள் முதல் சனி வரை கடை. ஞாயிறு விடிந்தால் வாசலில் ஹாரன். அன்புத் தொல்லை என்பார்களே, அதில் அன்பையும் தொல்லையையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது சார்.

மூன்று வருடம் முன்னால் அவனுக்கு ஹைப்ரிட் பைத்தியம் பிடித்தது. ஒரே வண்டி பெட்ரோலிலும் ஓட வேண்டும், கரண்டிலும் ஓட வேண்டும். பெரிய கம்பெனிகளின் வண்டிகளோடு நம் வண்டியும் வரிசையில் நிற்க வேண்டும். தங்கை வீட்டுப் பின்னறையில்தான் செய்தோம். எட்டு மாதம் அவர்கள் சாப்பாட்டு மேசை மேல் பேட்டரி இருந்தது, அவர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தங்கை அந்த வண்டிக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தாள். காலையில் எழுந்ததும் "சக்களத்தி எந்திரிச்சாச்சா? அவளுக்கு எண்ணெய் ஊத்தியாச்சா?" என்று கேட்பாள். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரிப்பான்.

அந்த வண்டி எப்படி வேலை செய்யும் என்று சொன்னால்தான் மற்றது புரியும். பின்சக்கரத்தைப் பெட்ரோல் என்ஜினும் சுற்றும், நான் காயில் கட்டிய மோட்டாரும் சுற்றும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் அதே மோட்டார் டைனமோ ஆகிவிடும். பின்னால் இருந்து யாரோ இழுத்துப் பிடித்த மாதிரி வேகம் குறையும். குறைகிற வேகம் கரண்டாகிப் பேட்டரிக்குள் போகும். பிரேக்கின் வேலையில் பாதியை மோட்டாரே பார்த்துவிடும். இதைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை வந்தது.

"மோட்டாரே நிறுத்துதே மச்சான், முன்னால ரெண்டு டிஸ்க் பிரேக் எதுக்கு? ஒண்ணைக் கழட்டிடு. பேட்டரி வெயிட்டுக்கு ஈடாயிடும்."

சரி என்று கழற்றினேன். படித்த என்ஜினியர் யாரும் அதைச் செய்திருக்க மாட்டார். வீட்டில் வைத்து வண்டி செய்கிற எங்களைப் போன்றவர்கள்தான் செய்வோம். அது தவறு என்று அப்போது எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆறு மாதம் ஒற்றை டிஸ்க்கில் வண்டி அருமையாகத்தான் ஓடியது.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. தடத்தில் சோதனைக்குப் போகும்போது வண்டியின் மீட்டர் மேல் டேப் ஒட்டிவிடுவேன். வேகம், சூடு, பேட்டரி எதுவும் அவனுக்குத் தெரியாது. ஓட்டுகிறவன் எண்ணைப் பார்த்தால் எண்ணுக்காக ஓட்டுவான், சோதனை கெட்டுவிடும். எண் என் வேலை, ரோடு உன் வேலை என்று நான்தான் ஆரம்பத்தில் சொன்னேன். அவன் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். நான் டேப்பை ஒட்டி, டேங்க்கைத் தட்டி, சரி என்று சொன்னால்தான் ஏறுவான். வேறு எதையும் கேட்க மாட்டான்.

களைப்பாக இருக்கிறது என்று சொன்னால் எல்லோரும் நன்றாகத் தூங்கச் சொல்கிறார்கள். தூங்கிப் பார்த்தேன் சார். எழுந்தால் ஒரு ஞாயிறு வந்திருக்கும். அவன் ஒவ்வொரு முறை ஏறும்போதும் அவன் உயிர் என்னுடைய அந்த ஒரு 'சரி'யில் நிற்கிறது என்பதை அவன் மறந்துவிடுவான், எனக்கு மறக்காது. பதினோரு வருடம் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். விபத்துக்கு ஒரு மாதம் முன்னால் வாய் திறந்து கேட்டேன்.

"மாப்பிள்ளை, இந்த வருஷத்தோட நான் நின்னுக்கறேனே. இடுப்பு முடியல."

"நீ இல்லாம வண்டி ஏது மச்சான்? நீ உக்காந்துகிட்டே சொல்லு, நான் செய்யறேன். அடுத்த வருஷத்துக்கும் நம்ம ரெண்டு பேர் பேரையும் குடுத்தாச்சு" என்றான். மறுநாள் என் இடுப்புக்கு ஒரு பெல்ட் வாங்கிக்கொண்டு வந்தான்.

தங்கையிடம் போனேன். அவள், "அண்ணே, நீ கூட இருக்கேங்கறதாலதான் நான் நிம்மதியா இருக்கேன். நீ சரின்னு சொல்லி அனுப்புறேங்கறதே எனக்கு வயித்துல பால வார்த்த மாதிரி. அவரைத் தனியா விட்டுடாதே" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

கறாராக மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் மாப்பிள்ளையின் முகம் வாடிப்போகும். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

விபத்து நடந்த வாரம் செவ்வாய்க்கிழமை புது சார்ஜர் வந்தது, வண்டி அப்போது என் கடையில் இருந்தது. பழைய சார்ஜர் மந்தம். நாங்கள் கிளம்புகிற நேரத்தில் பேட்டரி எழுபது சதவீதத்தைத் தாண்டியிருக்காது. புதியதில் முதல் தடவையாக நூறு வரை ஏற்றினேன். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுற்றவிட்டு ஆக்ஸிலேட்டரை விட்டேன். வழக்கமாகச் சக்கரம் கையால் பிடித்த மாதிரி நிற்கும். அன்று நிற்கவில்லை. மின்விசிறியை அணைத்த பிறகு அது தன்பாட்டுக்குச் சுற்றுமே, அப்படிச் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒரு நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. நிறைந்த பேட்டரியில் கரண்டு போக இடம் இல்லை. இடம் இல்லையென்றால் மோட்டார் இழுத்துப் பிடிக்காது. மோட்டார் பிடிக்காவிட்டால் அந்த வண்டிக்கு மிச்சம் இருப்பது பாதி பிரேக்தான். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை போன் செய்தான்.

"எப்படி மச்சான் இருக்கா சக்களத்தி?"

"நல்லா ஓடறா" என்றேன்.

அது பொய் இல்லை. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் போனேன், சாப்பிட்டேன், சொல்லவில்லை. புதன்கிழமையும் சொல்லவில்லை. வியாழக்கிழமை, நான் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று ராத்திரி பல மாதங்களுக்குப் பிறகு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை சோதனை என்னவென்றால், மோட்டார் வண்டியைத் தள்ளாது, கரண்டைச் சேர்க்க மட்டும் செய்யும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு சேர்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குப் பேட்டரி முப்பதில் இருக்க வேண்டும். நான் தொண்ணூற்றொன்றில் வைத்துக் கொண்டுபோனேன்.

அந்தத் தடத்தில் ஒரே ஒரு நீள நேர்ப்பாதை. அது முடிகிற இடத்தில் இடப்பக்க வளைவு, வளைவுக்கு வெளியே டயர் அடுக்கிய சுவர். கரண்டு சேர்வதெல்லாம் அந்த வளைவில்தான். முதல் சுற்று டயர் சூடாவதற்காக மெதுவாகப் போவது. அதில் ஒரு சதவீதம் ஏறும். இரண்டாவதில் நான்கு, மூன்றாவதில் நான்கு. கணக்கு சரியாக வந்தது. காலையில் அவனிடம், "மூணு சுத்து பாத்துப் போ, நாலாவது முழு வேகத்துல போ" என்று சொன்னேன். டேப் ஒட்டினேன். டேங்க்கைத் தட்டினேன். சரி என்றேன்.

எங்களிடம் இரண்டு பலகைகள் உண்டு. தங்கை கையால் பெயிண்ட் அடித்தவை. ஒன்றில் 'போ', ஒன்றில் 'வா'. நான் தடுப்புச் சுவரோரம் நின்று காட்டுவேன், அவன் கடந்து போகும்போது பார்த்துக்கொள்வான். மூன்றாவது சுற்று முடிந்து வரும்போது இரண்டு பலகையும் என் காலடியில் சாய்ந்து இருந்தன. நான் 'போ'வை எடுத்துக் காட்டினேன். கட்டை விரலை உயர்த்திவிட்டுப் போனான்.

நேர்ப்பாதையில் அவ்வளவு வேகத்தில் அந்த வண்டி அதற்கு முன் போனதில்லை. எப்போதும் விடுகிற இடத்தில் தடத்தோரம் நட்டிருக்கும் அடையாளப் பலகைக்கு நேராக, ஒரு முழம்கூடத் தள்ளாமல், ஆக்ஸிலேட்டரை விட்டான். என்ஜின் சத்தம் இறங்கியது. வண்டியின் வேகம் இறங்கவில்லை. பிரேக்கைப் பிடித்தான், முடிந்த மட்டும் பிடித்தான். பிறகு டயர் சுவர். நான் ஓடினேன் சார், இடுப்பு வலியோடு ஓடினேன். போய்ச் சேர்ந்ததும் முதலில் அவன் ஹெல்மெட்டைத் தொடவில்லை. மீட்டர் மேல் இருந்த டேப்பைப் பிய்த்தேன். நூறு என்று காட்டியது.

இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்வு இல்லை. இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். தினமும் சாயங்காலம் கடையை மூடிவிட்டுப் போய் அவனைப் புரட்டிப் படுக்க வைக்கிறேன். தங்கை அவனைத் திட்டிக்கொண்டே துடைத்துவிடுவாள். "அண்ணன் அவ்வளவு சொல்லி அனுப்பியும் கேட்டீங்களா? கண்ணு மண்ணு தெரியாம போனா இப்படித்தான்" என்பாள். பிறகு சமையலறையில் போய் அழுவாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் என்ன ஆவேன்" என்பாள்.

அவன் ஒரே கேள்வியைத்தான் தினமும் கேட்கிறான்.

"அடையாளப் பலகைகிட்டயே விட்டேன் மச்சான். விட்டேன்ல? நீ பாத்தியே."

"லேட்டாத்தான் விட்டே மாப்பிள்ளை."

"அப்போ என் கைதான்" என்பான். வலது கையை முகத்துக்கு நேராகத் தூக்கி விரல்களை மடக்கி மடக்கிப் பார்ப்பான். நாலரை மாதமாக இது நடக்கிறது. உங்கள் ஆள் வந்து விசாரித்தபோதும் அவனே சொன்னான், மச்சான் மேல் தப்பில்லை, நான்தான் ஆக்ஸிலேட்டரை லேட்டாக விட்டேன் என்று. அதைத்தான் நீங்கள் கோப்பில் எழுதினீர்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு தாளில் படம் வரைந்துகொண்டிருந்தான்.

"மூணு சக்கரம் மச்சான். பிரேக்கு, கியரு எல்லாம் கையிலயே. ஆனா நான் ஓட்டமாட்டேன். இந்தக் கைய இனிமே நம்ப முடியாது. நீ ஓட்டு. நான் பலகையப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். "சரி, உக்காந்திருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கலாமா?"

தங்கை கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். அவன் சிரித்து நாலரை மாதம் ஆகிறது. சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? இன்று கடையைத் திறக்கவில்லை, நேராக இங்கே வந்தேன்.

அவன் கையில் தப்பில்லை என்று நீங்களே அவனிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மாட்டேன். அவன் முகத்தைப் பார்க்க முடியாது. இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: அவனுக்கு ஏதாவது ஆக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. என் தங்கை புருஷன் அவன். வண்டி உடைய வேண்டும், அவ்வளவுதான். உடைந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படுத்திருக்கலாம். நான் ஆசைப்பட்டது அது மட்டும்தான்.

என்ன கேட்டீர்கள்? வண்டிக்கு மட்டும்தான் ஏதாவது ஆக வேண்டும் என்றால், கடையிலேயே பேட்டரியை நூறு வரை ஏற்றாமல் எதற்காகத் தொண்ணூற்றொன்றில் நிறுத்தினேன் என்றா?

நூறு வைத்தால் முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும், சார். முதல் சுற்றில் அவன் மெதுவாகத்தானே போவான்.