வடக்குப் பக்கத்து ரிங்கு

ஆமா சார், நீங்க கேட்டது சரிதான், வசந்தகுமாரோட அம்மாதான் நானு. செந்தாமரை. இங்கதான் ஹவுஸ்கீப்பிங்ல கீறேன். நீங்க கோச்சா கீற ஒரகடம் பிளான்ட்டு டீமு ஆளு ஒருத்தர இந்த பிளான்ட்டு டீமுக்குக் குடுத்துட்டு, பதிலுக்கு எம் புள்ளய மாத்தினு போலாமான்னு பேச்சு ஓடுதாமே, கேண்டீன்ல சொன்னாங்க. மாத்திக்கங்க சார். அத்த சொல்லத்தான் வந்தேன்.

எழுந்துக்காதீங்க, ஒக்காருங்க.

இந்தக் கூடைப்பந்து ஆட்டத்தப் பத்தி எனுக்கு இன்னா தெரியும். ஆனா கண்ணு கீதே. நேத்து மேட்ச்ல ரிங்குக்குக் கிட்ட பந்த வச்சினு நின்னான். குறுக்க ஒரு ஆளு இல்ல. ரெண்டு எட்டு உள்ள போயிருந்தா கொயந்த கூட போட்டுடும். போகலியே. எட்ட நின்னே வீசினான், அது கம்பில பட்டு வேலியாண்ட பூட்ச்சி. டீம்காரனுங்களே குடுத்துடலாம்ங்கறானுங்க. கேப்டன் நிர்மல் தம்பி மட்டும் வச்சிக்கலாம்னு மல்லுக்கு நிக்கிது, பாவம்.

அப்புறம் நான் எதுக்கு அவன எடுக்கணும்ங்கறீங்க. நாயந்தான். போன வருசம் ஒங்க கிரவுண்டுல ஆடினானே, மறந்துட்டீங்களா? ஒங்க ஆளுங்களயே ஓட ஓட வுட்டானாமே. இங்கயும் இந்தத் தெக்கால ரிங்குல ஒயுங்காதான் போடுவான். பாதி ஆட்டத்துல பக்கம் மாத்தி வடக்கால வுட்டாதான் இப்டி. முட்டி வலியெல்லாம் இல்ல சார். ஷிப்ட் முடிச்சி ஓவர்டைமும் பாத்துட்டு வந்து ஆடறவன்.

பர்மனென்ட் பண்றப்போ ஆட்டத்தையும் பாப்பாங்களாமே. இங்கயே கெடந்தா டீம்லேந்து தூக்குவாங்க, அப்பறம் வேலையும் நிக்காது. அவன் வரமாட்டேன்னு அடம் புடிப்பான். நீங்க வுடாதீங்க. என்னாண்ட பேசாம கெடப்பான், கெடக்கட்டும்.

ஏன் வரமாட்டானா?

இந்த கிரவுண்டு கீற எடம் எங்க கொல்லை சார். கம்பெனிக்கு எடுக்கறதுக்கு முன்னாடி இதுல வேர்க்கடல போடுவோம். அளக்க வந்தவங்க எங்க வூட்டுக்காரராண்ட கெணறு கீதா, மரம் கீதா, சமாதி எதுனா கீதான்னு கேட்டாங்க. சமாதி இல்லன்னுட்டாரு. பொய் இல்ல சார். சின்னப் புள்ளைங்களுக்கு எங்க ஜனத்துல சமாதி கட்றது இல்ல. கொல்லை ஓரமா பொதைச்சிட்டு வந்துடுவாங்க. ஒரு கல்லு கூட நட மாட்டாங்க.

ஐஸ்வர்யான்னு பேரு. இவனுக்கு அடுத்தவ. நாலு வயசு, ஜொரத்துல பூட்டா. அவங்கப்பா துணில சுத்தித் தூக்கினு வந்தாரு. இவனும் சின்னப் பையன், அழுதுகினே பின்னாடி வந்தான். பொம்பளைங்க வரக்கூடாதுன்னு என்னிய வூட்லயே நிறுத்திட்டாங்க. எங்கன்னு அப்பறம் எத்தினியோ வாட்டி கேட்டேன். தெரிஞ்சா அங்கயே போயி வுழுந்து கெடப்பேன்னு அவரு சொல்லவே இல்ல. சொல்லாமயே அவரும் பூட்டாரு.

நேத்துதான் சார் பாத்தேன். அந்த வடக்கால ரிங்குக்குக் கீழ ஒரு சின்னப் பாய் போடற அளவு எடம். எல்லாரும் அது மேல குதிக்கிறானுங்க. இவன் மட்டும் சுத்திச் சுத்திப் போறான். பந்து அங்க வுழுந்தாலும் எடுக்கப் போகல. தெனம் அது மேல நடந்துதானே நான் பெருக்கறேன்.

வூட்ல சோறு போட்டுகினே கேட்டேன். பாப்பா அங்கயாடான்னேன். தட்டுலயே கைய கழுவிட்டு எழுந்து பூட்டான்.

அவன இட்டுனு போங்க சார். இத்தினி நாளா பாப்பாவ அவன் ஒருத்தனே பாத்துகினான். இப்பதான் எனுக்கும் எடம் தெரிஞ்சிபோச்சே, இனிமே நான் பாத்துக்கறேன்.