செலிக் மனைவிக்கு ஒற்றைச் சாட்சி

பெயர் ஹிர்ஷ் லண்டவ்ஸ்கி, தகப்பனார் பெயர் யூடா, வயது 34, தொழில் தையல். மெல்போர்ன் நகரம் கார்ல்டனில் குடியிருக்கிறேன். 1947ஆம் வருடம் ஜூன் மாதம், எங்கள் யூத சமய நீதிமன்றத்து ரபிகள் மூவர் முன்பாக, எவருடைய தூண்டுதலும் இன்றிச் சொல்வதாவது:

நானும் செலிக் ஃபிஷ்பைனும் ஆஸ்திரேலியப் படையில் ஒரே பிரிவு. 1941இல் கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் பிடிபட்டோம். பிடிபடும் முன், யூதர் என்று பொறித்திருந்த கழுத்து வில்லைகளைக் கடலில் வீசினோம். அதன்பிறகு போலந்துப் பக்கம் ஒரு முகாமில் அடைத்துக் கல் உடைக்க விட்டார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் செலிக் பூட்ஸ் பாலிஷ் டப்பாவில் மார்கரின் கொழுப்பைப் போட்டு, ஓய்வுநாள் விளக்கென்று திரி ஏற்றுவான். "மாட்டிக்கிட்டுச் சாகப் போறோம், அணைடா" என்று திட்டுவேன். "குளிர் காயுறேன்னு சொல்லிக்கலாம், போடா" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

1945 ஜனவரியில் ரஷ்யர்கள் நெருங்கவே, எங்களைப் பனியில் மேற்கே நடத்தினார்கள். வழியில் ஒரு வைக்கோல் கொட்டகையில் காய்ச்சலோடு படுத்த செலிக் எழவில்லை. "பெய்லா வைக்கிற சூப்பப் பத்தி அளந்தேனே, அத்தனையும் புளுகுடா. அவளுக்குச் சமைக்கவே வராது" என்று சிரித்தான். அதன்பிறகு மூச்சு நின்றது. கண்ணை நான்தான் மூடினேன். சுற்றி இருந்த கைதிகள் அவன் பெயர்கூடத் தெரியாதவர்கள். காவலர்கள் விரட்டியதால் கொட்டகைக்குப் பின்னால் பனிக்குள் அவனைக் கிடத்தி மூடினேன். இராணுவப் பதிவில் அவன் இன்றும் காணாமல் போனவன், இறந்ததாகக் கருதப்படுகிறவன், அவ்வளவுதான்.

ஊர் திரும்பிய அன்றே அவன் மனைவி பெய்லாவிடம் சொன்னேன். சூப்பு விஷயத்தையும் சொன்னேன். அழுதுகொண்டே, "பாவி, சாகும்போதும் என் மானத்த வாங்கிட்டானே" என்றாள். அதன்பிறகு ஞாயிறுதோறும் போனேன். கூரை ஒழுகியது, அடைத்தேன். சூப்பு வைத்தாள், குடித்தேன். செலிக் சொன்னது சரிதான். அதன்பிறகு ஒருவரை விட்டு ஒருவர் இருக்க முடியாது என்றாகிவிட்டது.

போன மாதம் கல்யாணம் பேச ரபியிடம் போனோம். "சாவப் பார்த்தது யாரு?" என்றார். நான் மட்டும்தான் என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ சாட்சி சொன்னா இவ வேற யாரையும் கட்டிக்கலாம்ப்பா. ஒத்தச் சாட்சி சொன்னவன் மட்டும் கட்டக் கூடாது. அவளுக்காகப் பொய் சொன்னான்னு பேச்சு வரும். சொல்லலேன்னா, கடைசி வரைக்கும் இவ செலிக் பொண்டாட்டிதான்" என்றார். ஆத்திரத்தில் அவர் மேசையைக் குத்தினேன்.

டிராம் நிறுத்தத்தில், "சர்க்கார் பதிவு ஆபீஸ்ல கட்டிக்கலாம்" என்றேன். பெய்லா, "பொறக்கிற பிள்ளைய நம்ம ஆளுங்க ஒதுக்கி வைப்பாங்க. அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள். டிராம் ஏறும்போது, "நீ சாட்சியெல்லாம் சொல்லாத. ஞாயித்துக்கிழமையாவது வந்துட்டுப் போ" என்றாள்.

அவளுக்கு வயது முப்பது. ஜெபக்கூடத்தில் அடுத்தவர் குழந்தையை வாங்கினால் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வராது. அதைப் பார்த்துக்கொண்டு சூப்பு குடிக்க என்னால் ஆகாது. இன்று காலை, சாட்சி சொல்லப் போகிறேன் என்றேன். அவள் என் தொப்பியை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

செலிக் ஃபிஷ்பைன் இறந்துபோனான். என் கண்ணால் பார்த்தேன். எழுத்தர் இதை எனக்குப் படித்துக் காட்டினார். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மேற்படி பெய்லா உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். செத்த நண்பனின் மனைவி, இனி வேறு உறவில்லை என்று பதில் சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஹிர்ஷ் லண்டவ்ஸ்கி