விருந்துக்கு முன் அழுதவர்கள்

எண்பதுகளில் ஒரு ரம்ஜான் அன்று, இண்டூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் பட்டுச்சேலை கட்டிய இரண்டு பெண்கள்.

"நான் வூட்டுலயே அழுது முடிச்சுட்டேன். நீயும் இங்கயே அழுதுடு சரசு," என்றாள் மூத்தவள்.

"ஏங்க்கா?"

"பாத்திமா போன பொறவு அவ பொண்ணு மொத தடவையா பிரியாணி ஆக்கி நம்மள கூப்ட்டிருக்கா. அங்க கண்ணக் கசக்குனா புள்ள தாங்குமா?"

"போதும்னு தட்டக் கையால மூடுனா பாத்திமா கை மேலயே சோத்தப் போடுவா," என்று சரசு அழுதாள்.

"அதையே அங்க சிரிச்சுக்கிட்டு சொல்லு."

இண்டூரில் ஒரு இளம்பெண் பஸ்ஸை நோக்கி ஓடிவந்தாள். "வாங்க பெரிம்மா. பிரியாணி அம்மா ஆக்குற மாதிரி வரலைங்க. உப்பு தூக்கலாயிடுச்சு."

"உங்கம்மாளும் தூக்கலாத்தான் போடுவா கண்ணு. நாங்கதான் ஒருநாளும் சொன்னதில்ல," என்று சிரித்தபடியே மூத்தவள் இறங்கினாள்.