அவள் ஒப்புக்கொள்ளாத சொல்

ஹலோ... ஆமாம்ப்பா, நான்தான்... சாப்பிட்டேன், சாப்பிட்டேன். அதை விடு. அன்னிக்குக் காலையில உன் அக்கா கிளம்பறப்போ என்கிட்ட கடைசியா என்ன சொன்னா தெரியுமா? ஒரு கால்ல செருப்பு, இன்னொண்ணைத் தேடிக்கிட்டே, "இன்னிக்கும் அந்த மேனுவல்லேர்ந்து ‘தூரம்’கற வார்த்தையை எடுக்கச் சொல்லிச் சண்டை போடணும்"னா. சிரிச்சுக்கிட்டுத்தான் போனா...

ஆமா, ஆமா. உங்க கம்பெனி டேட்டாபேஸ் இண்டெக்ஸுக்கு அவ எழுதின மேனுவல்தான். நேத்து உங்க மேனேஜர் போன் பண்ணார். உருகிட்டார் மனுஷன். "கடைசி நேரத்துல விட்டுக்கொடுத்தாங்க, பெரிய மனசு"ங்கறார். யாருக்கு, என் பொண்டாட்டிக்கா?... இரு, நான் முடிச்சுக்கறேன். ஆஸ்பத்திரியில உன் கையைப் பிடிச்சு, "தூரம்னே இருக்கட்டும்"னு சொன்னாளாமே?...

மாமான்னு கூப்பிடாதே இப்போ.

ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்பவே அவளுக்கு நினைவு இல்லைடா. அப்புறம் கண்ணே திறக்கல. பக்கத்துல உக்காந்திருந்தவன் நான். நீ கீழே வண்டி நிறுத்த இடம் தேடிக்கிட்டிருந்தே...

ரிலீஸ் தேதி... சரி. சரி, புரியுது. அப்போ "நான்தான் மாத்தினேன்"னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே? செத்தவ வாயில எதுக்கு வார்த்தையைத் திணிச்சே?...

சின்ன வார்த்தையா? எங்க வீட்டு மேஜையில அவ விளக்கறப்போ உக்காந்து தலையைத் தலையை ஆட்டினியே! எப்படிச் சுத்திப் போனாலும் நேர்வழியைவிடக் குறையக் கூடாது, அப்பதான் கணக்குல அதுக்குத் தூரம்னு பேரு. அதை நம்பித்தானே உங்க இண்டெக்ஸ் தேடறப்போ பாதியைப் பாக்காமலே தள்ளுது? அது பொய்யானா சரியான பதிலையும் சேர்த்துத் தள்ளிடாதா?... ஆமா, பக்கத்துக்கு அடியில ‘எழுதியவர்’னு அவ பேரு. அதுக்குத்தான் கூப்பிட்டேன். ஒண்ணு, அந்த வார்த்தையை எடு. இல்லே, அவ பேரை எடு...

ரெண்டும் முடியாதா?...

யாரும் கவனிக்க மாட்டாங்களா? ஒரு பேப்பர் எடு. எடுடா. மூணு அம்பு போடு. ஒண்ணு படுத்திருக்கு, ஒண்ணு நேரா நிக்குது, ஒண்ணு ரெண்டுக்கும் சரியா நடுவுல சாஞ்சிருக்கு. படுத்ததுலேர்ந்து நின்னதுக்கு நேராப் போனா, கோணத்தோட கொசைனை ஒண்ணுலேர்ந்து கழிக்கற உங்க அளவுல ஒண்ணு. ஒத்துக்கறியா?... ம். இப்போ நடுவுல இருக்கறது வழியாப் போ. புள்ளி ரெண்டு ஒம்போது. அங்கேர்ந்து இன்னொரு புள்ளி ரெண்டு ஒம்போது. சுத்துவழி எவ்வளவு ஆச்சு? கூட்டு... கூட்டிச் சொல்லு... ஹலோ?... ஹலோ?

வைத்துவிட்டான்.

புள்ளி ஐந்து எட்டு. இப்போதும் அது ஒன்றைவிடக் குறைவுதான்.