கீர்த்திக்கு வந்த காய்ச்சல்

மற்ற டாக்டர்களைப் போல, குழந்தைகள் மனநல டாக்டரான நான் க்ளினிக்கில் மீன்தொட்டி வைத்ததில்லை. குழந்தைகள் மீனைப் பார்ப்பார்கள். என்னிடம் பேச மாட்டார்கள்.

நீங்கள் கீர்த்தியைப் பற்றிக் கேட்டீர்கள். பதினாலு வயது. பெரிய காஞ்சிபுரத்தில் அவளுடைய அப்பா வீரபாகு பட்டு நெய்கிறவர். கோர்வைத் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் நெய்கிறவர், ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள ஒருவர். ஓரத்தில் உட்கார்ந்துகொண்டிருந்த மனைவி முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு படுத்துவிட்டாள். கீர்த்தியின் படிப்பை நிறுத்தி அவளை உட்கார வைத்தார். பிறகு என்னிடம் கூட்டி வந்தார்.

"தறியாண்ட ஒக்கார மாட்டேன்றா சார். நாடாவத் தூக்கி எறியறா. மூளைல ஏதோ கோளாறு."

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்," என்றாள் கீர்த்தி. "பத்தாவது படிக்கணும், அவ்ளோதான். இவரத்தான் நீங்க செக் பண்ணணும்."

மூவரும் சிரித்தோம். பிறகு மாத்திரை எழுதினேன். மனச்சிதைவுக்குக் கொடுப்பது. அவளுக்கு மனச்சிதைவு இல்லை.

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், 'பிள்ளைக்கு நோயில்லை, பள்ளிக்கு அனுப்புங்கள்' என்று சொல்லித் திருப்பி அனுப்புவேன். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை. அரை நாள் தறியை நிறுத்திவிட்டு வருகிறவர் கையில் ஏதாவது கொடுத்தாக வேண்டும். அப்போதுதான் உண்மையில் நோயுள்ள குழந்தையும் என்னிடம் வரும். இதில் தவறு எங்கே என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஒரு வாரத்தில் கீர்த்தி உட்கார்ந்தாள். "இப்ப தங்கமா ஒக்காந்துக்கினு இருக்குது சார்," என்று வீரபாகு தெருவெல்லாம் சொன்னார். அதே தெருவிலிருந்து இன்னும் சில பிள்ளைகள் வந்தார்கள். அவர்களும் உட்கார்ந்தார்கள்.

பள்ளி திறந்த அன்று கீர்த்தி பழைய யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாளாம். மாத்திரையை இரட்டிப்பாக்கினேன்.

பத்து நாள் கழித்து வீரபாகு போன் செய்தார். "உடம்பு கொதிக்குது சார். கட்டையாட்டம் வெறைச்சுக்கினு கெடக்குறா. கூப்ட்டா முழிக்கிறா, பேச மாட்டேன்றா. ஜிஎச்சுக்குத் தூக்கிக்கினு போவட்டுமா?"

அவர் பேசி முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மாத்திரையால் அபூர்வமாக வருவது. மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனையில் சேர்த்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் அங்கே முதலில் கேட்பது, யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்பதுதான். மாத்திரையை நிறுத்தச் சொன்னாலும் சந்தேகம் அதன்மேல் விழும்.

"வேணாம். சாதாரணக் காய்ச்சல்தான். பாராசிட்டமால் குடுங்க. நம்ம மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க," என்றேன்.

அவர் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் கீர்த்தி இறந்தாள். ஆமாம், தெரிந்தேதான் சொன்னேன்.

வீரபாகு இன்றுவரை அதைக் காய்ச்சல் என்றே நம்புகிறார். அவரிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். இப்போது தறியோரத்தில் அவருடைய சின்னப் பெண் துர்காதேவி உட்காருகிறாள். என்னிடம்தான் சிகிச்சை, நன்றாகத் தேறி வருகிறாள். பாதியில் நிறுத்தினால் அந்தக் குழந்தைக்கு நல்லதல்ல.