பத்மநாபனின் இரட்டைச் சிலிண்டர்

– அதனாலதான் எட்வின், ஒத்தைச் சிலிண்டர் எனக்குச் சரிப்படாதுன்னு சொல்றேன். லாஜிக் சிம்பிள். பன்னிரண்டு லிட்டர்ல ஒண்ணே ஒண்ணைக் கட்டிட்டுக் கடலுக்குள்ள போய், அது மக்கர் பண்ணினா முடிஞ்சுது கதை. ஏழு லிட்டர்ல ரெண்டு இருந்தா, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு. ஒவ்வொண்ணுக்கும் தனி ரெகுலேட்டர், தனி மீட்டர். எங்க டேட்டா சென்டர்லயே அப்படித்தான்.

– பத்மநாபன் சார், டேட்டா சென்டரு முங்குறதில்ல. அந்தமான்ல உங்களை நான் நாப்பது அடிக்குத்தான் கூட்டிட்டுப் போறேன். அதுக்கு ஒத்தையே மிச்சம் கிடக்கும், கேட்டீயளா?

– கேக்க மாட்டாரு எட்வின். கொண்டாப்பூர்லருந்து உங்க செகந்திராபாத் குளம் வரைக்கும் கார்ல இதே பேச்சு. போன ஞாயித்துக்கிழமை எங்க அபார்ட்மென்ட்ல தண்ணி லாரி வரலைன்னு கூட்டம் போட்டாங்க. இவர் எழுந்து, கடலுக்கடியில எப்படி மூச்சு விடணும்னு நாப்பது நிமிஷம் விளக்கினாரு. அங்க பாதிப் பேரு குளிக்காம வந்து உக்காந்திருக்காங்க.

– ரோகிணி, நீ பையைப் பாத்துக்கோ. நாங்க டெக்னிக்கலா பேசிட்டிருக்கோம்.

– பாத்துக்கறேன் சார். வீட்ல கேஸ் தீந்தா ரெகுலேட்டரைக் கழட்டத் தெரியாம வாசப்படியில நின்னு என்னைக் கூப்பிடற மனுஷன், முதுகுல ரெண்டு சிலிண்டரும் ரெண்டு ரெகுலேட்டருமா சமுத்திரத்துக்குப் போறாராம். கைக்கு, எதுக்குன்னு கேட்டா டெக்னிக்கலாம்.

– சரி சார், இம்புட்டு ஆசைப்படுதீய. இந்தா இருக்கு ரெட்டை. வாரு, பட்டை எல்லாம் சேத்து இருபத்தஞ்சு கிலோ. தூக்கிப் பாருங்க.

– ம்... இரு. பெல்ட் எங்கேயோ மாட்டியிருக்கு போல.

– எங்கயும் மாட்டல சார்.

– தண்ணிக்குள்ள போனா வெயிட்டே தெரியாது. லாஜிக் சிம்பிள்.

– தண்ணி வரைக்கும் யாரு சார் தூக்குவா?

– ஹவ், ஆமா, அதைக் கேளுங்க. லிஃப்ட் ரிப்பேர்னா, போவன்பள்ளி மார்க்கெட்லருந்து கொண்டுவந்த ரெண்டு மூட்டைக் காயை நான் மூணு மாடி ஏத்தறேன். இவர் பின்னாலயே வெறுங்கையை வீசிட்டு, மாடிக்கு மாடி நின்னு வராரு. நகருங்க. இதானே? எங்க வைக்கணும் எட்வின்?

– எப்பவும் வைக்கிற எடத்துலயே வையுங்கக்கா.

– தூக்கறதுக்கு ஒரு டெக்னிக் இருக்கு ரோகிணி. அதை யூட்யூப்ல பாத்துட்டா நானும் தூக்கிடுவேன்.

– வெயிட்டை விடுங்க சார். ஒத்தை டேங்க்னா ஒத்தையாப் போறதுன்னு அர்த்தமில்ல. பக்கத்துல ஒரு ஜோடி ஆளு வருவாவ. அவிய டேங்க்ல அவியளுக்கு ஒரு வாய்க்குழா, உங்களுக்குன்னு ஒரு மஞ்சக் குழா. உங்களுக்குக் காத்து நின்னுட்டா அந்த மஞ்சளை நீட்டுவாவ. உங்க ரெண்டாவது டேங்க் உங்க ஜோடி முதுகுலதான் சார் இருக்கு.

– அதுதான் எனக்குப் பிடிக்கல. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் யாரையும் நம்பி நின்னதில்லை. எனக்கு நானே ஜோடி.

– அப்படின்னா வெள்ளிக்கிழமை படகுல ஏத்த மாட்டேன். படிவத்துல ஜோடி கையெழுத்து இருக்கணும். நீங்க ரெண்டு கட்டினாலும் சரி, நாலு கட்டினாலும் சரி.

– ஆபீஸ்லருந்து பன்னிரண்டு பேர் போறீங்க, உங்களுக்கு ஒரு ஜோடி அமையலையா? உங்க கீழ வேலை பாக்கற ஹர்ஷிதா எங்க?

– அவளுக்கு வேற பிளான்.

– வேற பிளான் இல்லக்கா. ராஜீவ், சுப்ரியா கூட மூணாவதாப் போய் ஒட்டிக்கிட்டா. போன சனிக்கிழமை இந்தக் குளத்துல... சொல்லட்டா சார்?

– அது எக்விப்மென்ட் ஃபால்ட்.

– காத்து தீந்த மாதிரி நடிச்சுப் பழகணும்க்கா. இவிய சைகை காட்டணும், அந்தப் பிள்ளை மஞ்சளை நீட்டணும். இவிய சைகையும் காட்டல, மஞ்சளையும் பாக்கல. அது வாயில இருந்ததையே பிடுங்கிட்டாவ. தண்ணி குடிச்சு மேல வந்து அரை மணி நேரம் இருமுனா.

– அவளே 'பரவாலேது சார்'னு சொன்னா.

– அடுத்த மாசம் அவளுக்கு நீங்க மார்க் போடணுமே. சொல்லாம என்ன செய்வா? எட்வின், இவர் ரெட்டைச் சிலிண்டர் கேட்டு உங்களுக்கு எப்ப போன் பண்ணாரு?

– அன்னிக்குச் சாயந்தரமே.

– மறுநாள் காலையில ஊருக்கு லெக்சர். பயந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வராம, இருபத்தஞ்சு கிலோ இரும்பு. அன்னிக்கு இவர் டேங்க்ல காத்து இருந்துச்சா?

– முக்கால்வாசி இருந்துச்சுக்கா.

– இருந்துச்சு ரோகிணி. மீட்டரைப் பாத்துட்டேதான் இருந்தேன். அடுத்த மூச்சு வராதுன்னு தோணிடுச்சு. வந்துட்டேதான் இருந்தது. ஆனா தோணிடுச்சு. விடு. நான் போகல. முதுகுவலின்னு ஆபீஸ்ல சொல்லிடறேன்.

– நக்கோ, வேண்டாம். அந்த முதுகுவலிக்கும் நான்தான் எல்லாருக்கும் பதில் சொல்லணும். எட்வின், படிவத்தை எடுங்க. ஜோடின்னு இருக்கற எடத்துல என் பேரைப் போடுங்க.

– உன் பேரா? இது காய்கறி வாங்கற மாதிரி இல்லம்மா. கோர்ஸ் முடிக்கணும், கார்டு வாங்கணும், கடல்ல இறங்கிக் காட்டணும்.

– அக்கா எல்லாம் முடிச்சாச்சு சார். செவ்வாய்க்கிழமை காலை பேட்ச். போன மாசம் பாண்டிச்சேரியில நாலு தடவை கடல்ல இறங்கினாவ.

– பாண்டிச்சேரியா? அபயாம்பாள் அத்தையைப் பாக்கப் போறேன்னுதானே சொன்னே?

– அத்தையையும் பாத்தேன். மூணு மாசமா செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை ஈரத் தலையோட வீட்டுக்கு வரேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், கைக்குன்னு கேட்டீங்களா?

– சரி. நீ வரேன்னா எனக்கு ஒத்தையே போதும். உன்கிட்டதான் மஞ்சக் குழாய் இருக்குமே. ரெட்டை வேண்டாம் எட்வின்.

– உங்களுக்கு வேண்டாம். எட்வின், அந்த ரெட்டையை எனக்குக் கட்டுங்க. இவர் ஒரு சிலிண்டரையே முழுசாப் பிடுங்கிக்கிட்டாலும், நான் மூச்சு விட எனக்குன்னு இன்னொண்ணு வேணும்.