பவானேஸ்வரி சுமந்த எர்த் வயர் பழி

தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தைத் தந்து உதவிய ஆலய நிர்வாகத்தினரே, புலாவ் செபாங் வட்டாரத்து மோட்டார் பட்டறைத் தோழர்களே, எங்கள் பவானேஸ்வரி அம்மாளின் கணவர் கணேஸ்வரன் அவர்களே, மகள் கலைமகளே, வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

நான் ஹரிதாஸ். ரயில் நிலையச் சாலையில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவன். பதினான்கு ஆண்டுகள் அந்த அம்மாளோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவன். எஞ்சின் எனக்கு, வயரிங் அவருக்கு. இருபது நாளைக்கு முன்பு, காலைத் தேநீரைப் பாதியில் கீழே வைத்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மலாக்கா மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. ஐம்பத்தொரு வயது! போகிற வயதா அது? எமனுக்குக் கண் இல்லையா?

ஆயர் குரோவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில் பதினாறு ஆண்டு நின்றவர் அவர். தொழிற்சாலையை மூடியதும், கரண்டு அளக்கும் சொந்த மீட்டரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு என் பட்டறை வாசலில் வந்து நின்றார். "மோட்டார் வேலை தெரியுமாம்மா?" என்று கேட்டேன். "எஞ்சின் தெரியாதுண்ணே. கரண்டு எங்க நிக்குதுன்னு கண்டுபிடிப்பேன்லா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

ஏனென்றால் அதுவரை எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று, பேட்டரி செத்துப்போச்சு என்று சொல்லி மாற்றுவது. ஹார்ன் அடிக்கவில்லையா? "பேட்டரி கோங்!" சிக்னல் எரியவில்லையா? "பேட்டரி கோங்!" தோழர்களே, சிரிக்காதீர்கள், நீங்களும் அந்த வைத்தியர்கள்தான்! அவர் ஒருவர்தான் சொன்னார்: "மாத்துறதுக்கு முன்னாடி அளந்து பாருங்கண்ணே." எஞ்சினை முறுக்கினால் மீட்டர் பன்னிரண்டு வோல்ட்டிலிருந்து பதினாலுக்கு ஏற வேண்டும். ஏறவில்லையா? எஞ்சினில் இருக்கும் கம்பிச்சுருள், அந்தக் காயில், கரண்டு தருகிறதா பார். ரெகுலேட்டர் அதை வாங்கிப் பேட்டரிக்கு அனுப்புகிறதா பார். எர்த் வயர் இரும்பைத் தொடுகிறதா பார். செம்பனைத் தோட்டத்துப் பெரியநாயகி அக்காள், இருபது வயது மோட்டாருக்கு ஒரே வருடத்தில் மூன்று பேட்டரி மாற்றியவர். சீட்டுக்கு அடியில் ஒரு வயர் தேய்ந்து கிடந்ததைப் பவானேஸ்வரி பத்து நிமிடத்தில் காட்டினார். அந்த வண்டி இன்று இந்த மண்டபத்து வாசலில்தான் நிற்கிறது.

மாதத்தில் முதல் ஞாயிறு வந்தால், வேலைக்குப் போகும் பெண்களின் பழைய மோட்டார்களை வரிசையாக நிறுத்திப் பார்த்துக் கொடுப்பார். "நடு ரோட்டுல பொம்பளப் பிள்ளைங்க நிக்கக்கூடாதுண்ணே" என்பார். எத்தனை பேர் நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தீர்கள்? இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கே தெரியும்.

இதோடு நான் நிறுத்திக்கொள்ளலாம். புகழ்ந்தாயிற்று, இறங்கிவிடலாம். ஆனால் மூன்றாவது வரிசையில் தம்புசாமி அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். ஊன்றுகோல் பக்கத்தில் இருக்கிறது. அண்ணே, கொஞ்சம் என்னைப் பாருங்கள்.

ஆறு வருடத்துக்கு முன்பு, ஆயுத பூசை அன்று, உங்கள் மோட்டார் எங்கள் பட்டறையில் இருந்தது. சார்ஜ் ஏறவில்லை. பவானேஸ்வரி அளந்தார். காயில் நல்லது, ரெகுலேட்டர் நல்லது, எர்த் வயர் பிடிக்கும் இடம் துரு. புது முனை வைத்துக் கொடுத்துவிட்டு, பூசைக்குச் சுண்டல் தாளிக்கப் போனார். போகும்போது என்னிடம் சொன்னார்: "பெயிண்ட சொரண்டிட்டு முறுக்குங்கண்ணே. இரும்பு பளபளன்னு தெரியணும்."

பூசைக்காக உங்கள் வண்டிச் சட்டத்துக்கு நான்தான் காலையில் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தேன். கண்ணாடி போல இருந்தது. சந்தனம் குங்குமம் வைக்கிற நேரத்தில் அதைச் சுரண்டி அசிங்கப்படுத்த மனம் வரவில்லை. அர்ச்சகரும் வந்துவிட்டார். பெயிண்டின் மேலேயே போல்ட்டை முறுக்கி, அதன் மேல் பொட்டும் வைத்துவிட்டேன். பெயிண்ட் கரண்டை விடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும்!

நீங்கள் வழக்கம்போல உதைத்துத்தான் கிளப்பினீர்கள், அதனால் சார்ஜ் ஏறாமல் பேட்டரி இறங்குவது தெரியவில்லை. மூன்றாம் நாள் முச்சந்தியில் வலது பக்கம் திரும்பினீர்கள். சிக்னல் எரியவில்லை. பின்னால் லாரி வந்தது.

ஆறு வாரம் கழித்து, கட்டுப்போட்ட காலோடு பட்டறை வாசலில் நின்று கத்தினீர்கள். "பொம்பள கை வச்ச வண்டி வெளங்குமா?" என்றீர்கள். அதற்கு முன்பே, அடிபட்டுப் பட்டறைக்கு வந்த உங்கள் வண்டியில் அந்தப் போல்ட்டைக் கழற்றி, அடியில் பெயிண்டைப் பார்த்துவிட்டவர் பவானேஸ்வரி. அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து ஸ்பேனர் தேடினேன். எந்த ஸ்பேனரும் தொலையவில்லை, அண்ணே! கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவர்தான் உங்களிடம் சொன்னார்: "மன்னிச்சிருங்கண்ணே, வயரிங் என் பொறுப்பு."

அந்தப் பழி ஊரெல்லாம் சுற்றியது. "அந்தம்மா தொட வேணாம், நீங்களே பாருங்க" என்று வண்டியை விட்டவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். கலைமகள் பள்ளி பஸ்ஸில் அதைக் கேட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறாள். நான் வாய் திறந்தேனா? பட்டறையின் பேர் கெடுமே என்று ஊமையாக இருந்தேன். என்னைப் போல ஒரு கோழை உண்டா?

போன வருடம் ஒருநாள் தாங்காமல் கேட்டேன்: "ஏம்மா அன்னைக்கு என்னக் காட்டிக் கொடுக்கல?" அவர் வயரைச் சீவிக்கொண்டே சொன்னார்: "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேண்ணே." அவ்வளவுதான். கோபம்கூட இல்லை. அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். இப்போது சொல்கிறேன், அவர் படத்துக்கு மாலை போட்ட பிறகு. பாவி நான்!

அவையோரே, அமரர் பவானேஸ்வரி அம்மாளின் படத்தின் முன் உறுதி சொல்கிறேன். முதல் ஞாயிறு வேலை நிற்காது. அளக்காமல் எதையும் மாற்ற மாட்டேன். தப்பு நடந்தால், யார் கையால் நடந்தது என்பதை வண்டிக்காரரிடம் அன்றைக்கே சொல்வேன்.

தம்புசாமி அண்ணே, என்னைத் திட்ட வேண்டுமா, அடிக்க வேண்டுமா, நாளைக் காலை எட்டரைக்குப் பட்டறை திறந்திருக்கும், வாருங்கள். இன்று மட்டும், வீட்டுக்குப் போவதற்கு முன்னால், அதோ அந்தப் பிள்ளையிடம் போய், "உங்கம்மா மேல தப்பில்லம்மா" என்று உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அவள் அம்மா அதைக் கேட்காமலே போய்விட்டார். வணங்கி அமர்கிறேன்.